கந்தகம், ரசம், உப்பு

கார்ல் கெல்னரை இரண்டு வகையான வாசகர்கள் அறிந்திருக்கிறார்கள். மறைஞான சபைகளின் வரலாற்றைத் தோண்டுகிறவர்களுக்கு அவர் வியன்னாவின் செல்வந்தர், ஃப்ரீமேசன், யோகப் பயிற்சியில் இறங்கிய முதல் ஐரோப்பியர்களில் ஒருவர். அவர் இறந்தபின் தியோடோர் ராய்ஸ் என்பவர் வளர்த்தெடுத்த ஓ.டி.ஓ. என்ற ரகசிய சபை அவரைத் தன் ஞானத்தந்தையாகக் கொண்டாடுகிறது. வேதித்தொழில் வரலாற்றைப் படிக்கிறவர்களுக்கோ அவர் எப்போதும் இன்னொருவர் பெயரோடு ஒட்டிக்கொண்டு வரும் பெயர். ரிட்டர்–கெல்னர் முறை என்றால் மரத்தை அமிலத்தில் வேகவைத்துக் காகிதக்கூழ் ஆக்குவது. காஸ்ட்னர்–கெல்னர் கலம் என்றால் பாதரசத்தைக் கொண்டு உப்பிலிருந்து காஸ்டிக் சோடாவையும் குளோரினையும் பிரித்தெடுப்பது. முதல் வகையினருக்குக் கூழில் அக்கறை இல்லை. இரண்டாம் வகையினர் யோகத்தை அடிக்குறிப்புக்குத் தள்ளிவிடுகிறார்கள். எல்லாவற்றையும் ஒரே மனிதர் செய்தார் என்பதை நான் கொஞ்சம் பெரிதாகவே எடுத்துக்கொள்கிறேன்.

1851இல் வியன்னாவில் பிறந்தவர். அந்தக் காலத்து ஐரோப்பாவில் காகிதம் என்றால் கந்தல் துணிதான். அச்சு இயந்திரம் நீராவியில் ஓடத் தொடங்கியபின் ஊரூராகக் கந்தல் பொறுக்கியும் போதவில்லை. 1840களில் சாக்ஸனியில் ஃப்ரீட்ரிக் கெல்லர் என்பவர் ஈர மரக்கட்டையைச் சாணைக்கல்லில் தேய்த்துக் கூழெடுத்தார். மலிவான வழி. ஆனால் மரத்தில் இருந்ததெல்லாம் அப்படியே கூழிலும் இருந்தது. முக்கியமாக, நாரோடு நாரைப் பிணைக்கும் பசையான லிக்னின். வெயிலில் கிடந்த நாளிதழ் பழுப்பேறுவது அதனால்தான். வெள்ளையான, மடித்தால் முறியாத காகிதம் வேண்டுமென்றால் லிக்னினைக் கரைத்து வெளியேற்றிவிட்டு செல்லுலோஸ் நாரை மட்டும் நிறுத்தவேண்டும்.

அதற்கான யோசனை 1860களிலேயே பிலடெல்பியாவில் பெஞ்சமின் டில்க்மனுக்குத் தோன்றிவிட்டது: கந்தகத்தை எரித்து வரும் வாயுவைச் சுண்ணாம்பு கலந்த நீரில் கரைத்து, அந்தக் கரைசலில் மரச்சில்லுகளை அழுத்தத்தில் வேகவை. லிக்னின் கந்தகத்தோடு கூடி நீரில் கரைந்துவிடும். சல்பைட்டு முறை என்று இதற்குப் பெயர். வேதியியல் சரி. பாத்திரம்தான் காலை வாரியது. அமிலம் இரும்பை அரித்தது. இரும்புக்குள் ஈயத்தகடு பதித்தால், சூட்டில் இரும்பை விட அதிகமாக விரியும் ஈயம் புடைத்து, வெடித்து, ஒழுகியது. டில்க்மன் கைவிட்டார். 1874இல் ஸ்வீடனின் பெர்க்விக்கில் எக்மன் சுண்ணாம்புக்குப் பதில் மக்னீசியத்தைக் கொண்டு அதே முறையை ஓடவைத்தார். ஜெர்மனியில் மிட்ஷெர்லிக் ஈயத்தின்மேல் அமிலம் தாங்கும் செங்கல்லை அடுக்கினார். பாடப்புத்தகங்கள் இதை யார் முதலில் என்ற கேள்வியாகச் சுருக்கிவிடுகின்றன. என் வாசிப்பில் இது பாத்திரத்தின் வரலாறு. எண்ணம் எல்லாருக்கும் வந்தது. அந்த எண்ணத்தைத் தாங்கும் கலம்தான் பத்து இருபது ஆண்டுகள் யாருக்கும் வாய்க்கவில்லை.

கெல்னர் இந்த வரிசையில் கடைசியாக வருகிறவர். இன்றைய இத்தாலியின் கொரிசியா அன்று ஆஸ்திரிய ஆட்சிக்கு உட்பட்ட கோர்ஸ். அதையொட்டிய போட்கோராவில் ரிட்டர் பிரபுவின் காகித ஆலையில் அவர் வேதியியலாளர். மிட்ஷெர்லிக், மரம் வேகும் கலமான டைஜெஸ்டருக்குள் குழாய்ச்சுருள் வைத்து மெதுவாகச் சூடேற்றினார். கூழ் வலுவாக வந்தது, நேரம் பிடித்தது. கெல்னர் நீராவியை நேராக மரச்சில்லுக்குள் பாய்ச்சினார். வேகம் கூடியது. வேகம் கூடினால் ஆலை பெருக்கும். 1882இல் காப்புரிமை. 1889இல் ஆங்கிலேயக் காகித முதலாளி எட்வர்ட் பார்ட்டிங்டனோடு சேர்ந்து ஒரு கூழ் நிறுவனம். நார்வேயின் சார்ப்ஸ்போர்க்கில், க்ளொம்மா ஆற்றின் அருவியோரம், போரெகார்ட் என்ற பண்ணைநிலத்தில் எழுந்த ஆலை அவர்களுடையது. ஆஸ்திரியாவில் சால்ஸ்பர்க்குக்குத் தெற்கே ஹல்லைன் என்ற சிற்றூரில் இன்னொன்று.

ஹல்லைன் உப்பூர். அதன் மலைக்குள் கெல்ட்டியர் காலத்திலிருந்து, இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக, உப்பு வெட்டியிருக்கிறார்கள். பக்கத்தில் ஸால்சாக் ஆறு. மேலே ஊசியிலைக் காடு. தன் வாழ்நாளில் கெல்னர் கைவைத்த இரண்டு மூலப்பொருள்களும் ஒரே ஊரில்.

வேகவைத்த மரத்தில் பாதிக்கும் குறைவானதே கூழாகக் கிடைக்கும். மிச்சமெல்லாம் கரைந்து பழுப்புக் கழிவுநீராகப் போகும். எங்கே போகும்? ஆற்றுக்கு. சல்பைட்டு ஆலை இருந்த ஐரோப்பிய ஆறுகள் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். இந்தக் கழிவுநீரைப் பயன்படுத்த கெல்னர் ஒரு வழி தேடினார் என்பதையும் சொல்லவேண்டும். அது விசித்திரமான வழி. ஹல்லைனில் அவர் ஒரு சுவாச சிகிச்சை நிலையம் நடத்தினார். சல்பைட்டுக் கரைசலின் ஆவியைக் காசநோயாளிகள் அங்கே உள்ளிழுத்தார்கள். அதைப் பார்த்துக்கொண்டவர் டாக்டர் ஃபிரான்ஸ் ஹார்ட்மன். சென்னைக்காரர்களுக்கு அந்தப் பெயர் புதிதாக இருக்கக்கூடாது. 1883இன் இறுதியில் அடையாறு பிரம்மஞான சபைக்கு வந்து சேர்ந்தவர். சபையை நிறுவிய பிளவாட்ஸ்கியும் ஆல்காட்டும் ஐரோப்பாவில் இருந்தபோது சபை நிர்வாகக் குழுவுக்குத் தலைமை வகித்தவர். பிளவாட்ஸ்கி மோசடி செய்தார் என்று கூலோம் தம்பதி கிளப்பிய விவகாரத்தின் சூட்டில் 1885இல் பிளவாட்ஸ்கியோடு கப்பலேறியவர். அடையாறு ஆலமரத்தடியிலிருந்து ஹல்லைன் கந்தகப் புகைவரை ஒரு நேர்கோடு இருப்பது எனக்கு வேடிக்கையாகவும் கொஞ்சம் அச்சமாகவும் இருக்கிறது.

ஹார்ட்மனோடு கூடிய அந்த ஆண்டுகளில்தான் கெல்னர் யோகத்துக்குள் போனார். 1896இல் மியூனிக்கில் கூடிய மூன்றாவது அனைத்துலக உளவியல் மாநாட்டை ஒட்டி, யோகத்தின் உள–உடலியல் பகுதியைப் பற்றிச் சிறுநூல் ஒன்றை வெளியிட்டார். விவேகானந்தரின் ராஜயோகம் நூலாக வந்ததும் அதே ஆண்டுதான். கெல்னரின் தலைப்பிலேயே ஆலைக்காரர் தெரிகிறார். மோட்சத்தைவிட, மூச்சை அடக்கினால் உடலில் என்ன நடக்கிறது என்பதுதான் அவர் கேள்வி.

இனி உப்பு. சல்பைட்டுக் கூழ் எளிதில் வெளுக்கும், ஆனால் தானாக வெளுக்காது. வெளுக்கக் குளோரின் வேண்டும். அன்றைய சந்தையில் அது பிளீச்சிங் பவுடராகத்தான் கிடைத்தது. வாங்குவதைவிட உப்புநீரில் மின்சாரம் விட்டுத் தானே எடுத்துக்கொள்ளலாம் என்று கூழ் முதலாளிகளுக்குத் தோன்றியதில் வியப்பில்லை. ஆலைக்குப் பக்கத்திலேயே அருவி இருந்தது, அருவியில் டைனமோ ஓடியது. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் ரம்ஃபோர்ட் ஃபால்ஸ் என்ற அருவியூரில் 1893வாக்கில் லெசூர் என்ற இளைஞர் மின்பகுப்புக் கலங்களை நிறுவியதும் காகிதக்கூழை வெளுக்கத்தான். காகிதத்தின் வெண்மைதான் மின்வேதியியலைப் பரிசோதனைக்கூடத்திலிருந்து ஆலைக்கு இழுத்துவந்த கைகளில் ஒன்று.

உப்புநீரில் மின்சாரம் விட்டால் நேர்மின்முனையில் குளோரின் வரும். எதிர்மின்முனையில் ஹைட்ரஜன் வெளியேறி, கரைசலில் காஸ்டிக் சோடா சேரும். இரண்டும் தொட்டுக்கொண்டால் ஒன்றையொன்று தின்றுவிடும். நடுவே ஒரு தடுப்பு வைத்தால் ஓரளவு பிரியும், ஆனால் காஸ்டிக்கில் உப்பு கலந்தே நிற்கும். பாதரசம் இந்தச் சிக்கலை வேறு விதமாக அவிழ்க்கிறது. பாதரசப் பரப்பில் ஹைட்ரஜன் வெளிவருவது மிகக் கடினம். அதனால் சோடியம் முந்திக்கொண்டு படிந்து பாதரசத்துக்குள் கரைகிறது. சோடியம் ஏறிய பாதரசத்தை அடுத்த அறைக்கு நகர்த்தித் தண்ணீரைத் தொடவிட்டால் சோடியம் இறங்கிக் காஸ்டிக் ஆகிறது. பாதரசம் வெறுங்கையோடு முதல் அறைக்குத் திரும்புகிறது. உப்பின் சுவடே இல்லாத காஸ்டிக்.

இதை 1892இல் கெல்னரும் கண்டார், அவரை அறியாமலே ஹாமில்டன் காஸ்ட்னரும் கண்டார். காஸ்ட்னர் புரூக்ளின்காரர். அவர் வந்த வழி வேறு. அலுமினியம் எடுக்க மலிவான சோடியம் செய்யும் முறையைக் கண்டுபிடித்து, இங்கிலாந்தின் ஓல்ட்பரியில் 1888இல் ஆலையும் போட்டார். அதற்குள் ஹால், ஹெரூல் இருவரின் மின்பகுப்பு முறை வந்து அவர் அலுமினியத்தை விலைபோகாமல் செய்துவிட்டது. கையில் சோடியம், வாங்க ஆளில்லை. தங்கச் சுரங்கங்களுக்கு வேண்டிய சயனைடு பக்கம் திரும்பினார். அதற்கு மிகத் தூய காஸ்டிக் தேவைப்பட்டது. அந்தத் தேவையில் பிறந்ததுதான் அவருடைய ஆடும் கலம்: அடியில் பாதரசம் பரந்த ஒரு பெட்டியை மையம் விலகிய சக்கரம் ஒன்று தொட்டில் ஆட்டுவதுபோல ஒருபக்கம் தூக்கி இறக்க, பாதரசம் தடுப்புச்சுவரின் அடியில் நழுவி அறைக்கு அறை போய்வரும். ஜெர்மனியில் காப்புரிமை கேட்டபோதுதான் கெல்னர் ஏற்கெனவே அங்கே நிற்பது தெரிந்தது. வழக்காடாமல் கைகோத்தார்கள். கெல்னரின் உரிமையை வாங்கியிருந்த சால்வே நிறுவனமும் உடன்பாட்டில் சேர்ந்தது. 1895இல் காஸ்ட்னர்–கெல்னர் கம்பெனி. 1897இல் ரன்கார்னில் உற்பத்தி. இரண்டே ஆண்டில், 1899இல், காஸ்ட்னர் காசநோயில் இறந்தார், 41 வயதில், நியூயார்க் மலைப்பகுதியின் சரனாக் லேக்கில். அவருடைய கூட்டாளி அதே நோய்க்கு ஹல்லைனில் கந்தக ஆவி கொடுத்துக்கொண்டிருந்தவர்.

கந்தகம், ரசம், உப்பு. மூன்றையும் சேர்த்துச் சொல்லும்போது ரசவாதம் படித்தவர்களுக்குக் காது நிமிரும். பொருள் எல்லாம் இந்த மூன்றால் ஆனவை என்று போதித்தவர் பாராசெல்சஸ்: எரிவது கந்தகம், ஆவியாவது ரசம், சாம்பலாக எஞ்சுவது உப்பு. 1541இல் அவர் இறந்ததும் புதைக்கப்பட்டதும் சால்ஸ்பர்க்கில், ஹல்லைனிலிருந்து கூப்பிடு தூரத்துக்குக் கொஞ்சம் கூட. அவருடைய வாழ்க்கையை 1887இல் நூலாக எழுதியவர் வேறு யாருமல்ல, ஹார்ட்மன். மறைஞானத்தில் மூழ்கிய கெல்னருக்குத் தன் ஆலைகளின் மூலப்பொருள் பட்டியல் பாராசெல்சஸின் பட்டியல்தான் என்பது கண்ணில் படாமல் போயிருக்காது என்று நினைக்கத் தோன்றுகிறது. நம் பக்கத்துச் சித்தர் மரபிலும் ரசமும் கந்தகமும்தான் மூலம், உப்பில்தான் சூட்சுமம். முப்பு என்று மறைத்தே பேசினார்கள். ஆனால் இந்த ஒற்றுமையை மேலே இழுத்தால் அறுந்துவிடும். கெல்னர் கலம் ஓடியது பாதரசத்தின் மேல் ஹைட்ரஜனுக்குள்ள தயக்கத்தால். அதில் மந்திரம் ஏதுமில்லை.

என்னை யோசிக்க வைப்பது வேறொரு வித்தியாசம். சித்தர்களின் கவலையெல்லாம் ரசம் நிற்காது என்பதுதான். தொட்டால் ஓடும், சூடுபட்டால் பறக்கும். அதனால் அதைக் கட்டவேண்டும். கந்தகத்தோடு சேர்த்து, மூலிகைச் சாற்றில் அரைத்து, புடம்போட்டுக் கட்டவேண்டும். காஸ்ட்னரும் கெல்னரும் அந்த ஓட்டத்தையே வேலைக்காரனாக்கினார்கள். ரசம் போகும், சுமையை இறக்கிவிட்டுத் திரும்பிவரும். வேதிச் சமன்பாட்டை எழுதிப்பாருங்கள்: உப்பும் நீரும் ஒருபக்கம்; காஸ்டிக், குளோரின், ஹைட்ரஜன் மறுபக்கம். பாதரசம் இரண்டு பக்கமும் அடிபட்டுப்போகிறது. தாளில் அதன் செலவு பூஜ்யம். சமன்பாட்டில் இல்லாத ஒரு பொருள் பெரிய ஆலை ஒன்றுக்குள் நூறு டன்னுக்கும் மேல் ததும்பிக்கொண்டிருந்தது. கழுவும் நீரில், வெளியேறும் ஹைட்ரஜனில், விற்ற காஸ்டிக்கில், தரை இடுக்கில் அது கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. கணக்குப் பிள்ளைகள் அதைப் ‘பாதரச இழப்பு’ என்று ஒரு வரியில் எழுதி, ஆண்டுக்கொருமுறை புதிதாக வாங்கி ஊற்றினார்கள்.

காகிதமும் பாதரசக் கலமும் கெல்னர் மனத்தில் இணைந்ததுபோலவே கனடாவின் ஒன்ராறியோவில், டிரைடன் நகரத்தில் இணைந்தன. கூழ் ஆலைக்கு வெளுக்கும் குளோரினும் காஸ்டிக்கும் தர 1962இல் அதன் பக்கத்திலேயே பாதரசக் கலங்கள் ஓடத் தொடங்கின. 1970வரை ஏறத்தாழ 9 டன் பாதரசம் வாபிகூன் ஆற்றில் கலந்தது. ஆற்றின் கீழ்ப்போக்கில் கிராஸி நாரோஸ், வைட்டாக் என்ற பூர்வகுடிச் சமூகங்கள். மீன்தான் அவர்களுக்குச் சோறு. சுற்றுலாக்காரர்களுக்கு மீன்பிடி வழிகாட்டுவதுதான் வேலை. உலோகப் பாதரசம் சேற்றடியில் பேசாமல் கிடக்கும் என்று அதுவரை நம்பியிருந்தார்கள். சேற்றிலுள்ள நுண்ணுயிர்கள் அதை மீத்தைல் பாதரசமாக மாற்றுகின்றன என்று 1960களின் இறுதியில் ஸ்வீடனில் யென்சனும் யெர்னெலோவும் காட்டினார்கள். அது புழுவில் ஏறி, சிறுமீனில் ஏறி, பெருமீனில் குவிந்து, உண்கிறவரின் மூளைக்குப் போகும். ஒன்ராறியோ மீன்களில் பாதரசம் இருப்பதை ஆராய்ச்சி மாணவராக இருந்த நார்வேக்காரர் நோர்வால்ட் ஃபிம்ரைட் வெளிப்படுத்தினார். 1970இல் அந்த ஆற்றில் வணிக மீன்பிடிப்பு நின்றது. ஒரு சமூகத்தின் உணவும் பிழைப்பும் ஒரே உத்தரவில் போயிற்று. ஆலைப் பாதரசம் மக்களை நோயாளிகளாக்கிய மினமாட்டாவில் ஆய்வு செய்த மருத்துவர் மசாசுமி ஹராடா 1975இல் இந்தச் சமூகங்களுக்கு வந்து, தான் ஜப்பானில் பார்த்த அறிகுறிகளையே மறுபடி பார்த்தார். நஷ்டஈட்டு உடன்பாடு முடிய 1985 ஆயிற்று. ஆற்றுச் சேற்றில் பாதரசம் இன்னும் இருக்கிறது.

மினமாட்டாவின் பாதரசம் குளோரின் கலத்திலிருந்து வந்ததல்ல. அது அசிட்டால்டிஹைடு தயாரித்த சிஸ்ஸோ ஆலையின் வினையூக்கி. வினையூக்கியும் சமன்பாட்டில் வராத பொருள்தான். அந்தப் பேரழிவுக்குப்பின் ஜப்பான் தன் பாதரசக் கலங்களை எல்லா நாடுகளுக்கும் முன்னால் கைவிட முடிவெடுத்தது. பாதரசத்தின் வேலையை ஒரு மெல்லிய ஃப்ளூரின் பாலிமர் சவ்வு செய்தது. சோடியம் அயனிக்கு வழிவிட்டு மற்றவற்றைத் தடுக்கும் சவ்வு. 1975இல் அதைத் தொழிலளவில் ஓட்டிக்காட்டியது நொபெயோக்காவில் அசாஹி கெமிக்கல். நொபெயோக்காவும் மினமாட்டாவும் ஒரே கியூஷூ தீவில் இருக்கின்றன. இரண்டு ஊரின் ஆலைகளுக்கும் வேர் நொகுச்சி என்ற ஒரே தொழிலதிபர். நோயும் மருந்தும் ஒரு வீட்டில் பிறந்தன என்று எழுத கை துறுதுறுக்கிறது. ஆனால் இரண்டுக்கும் இடையில் நோயாளிகள் நியாயம் கேட்டுத் தெருவில் உட்கார்ந்திருந்தார்கள். மினமாட்டா பெயரால் அமைந்த உடன்படிக்கை பாதரசக் கலங்களுக்கு 2025ஐக் கெடுவாக வைத்தது.

கெல்னரின் இன்னொரு பாதி, சல்பைட்டுக் கூழ், அதற்கு முன்பே பின்னுக்குப் போய்விட்டது. வென்றது கார்ல் டால் டான்சிக்கில் 1880களில் கொண்டுவந்த, அமிலத்துக்குப் பதில் காரத்தில் மரத்தை வேகவைக்கும் கிராஃப்ட் முறை. அந்தக் கூழ் கருப்பு, வெளுக்கச் சிரமம், நாற்றம் வேறு. ஆனாலும் அது வென்றதற்குக் காரணம், லிக்னின் கரைந்த கருந்திரவத்தைச் சுண்டவைத்து எரித்து ஆலைக்கு நீராவியும் எடுக்கலாம், வேதிப்பொருளையும் மீட்கலாம். 1930களில் கனடாவின் டாம்லின்சன் அதற்கான கொதிகலனை உருவாக்கியபின் சல்பைட்டுக்கு மதிப்பிருக்கவில்லை. புகளூர் காகித ஆலையில் கரும்புச் சக்கையை வேகவைப்பதும் இந்தக் காரவழியில்தான். எஞ்சியதைக் கணக்குக்குள் எழுதிக்கொண்ட முறை நிலைத்தது. ஆற்றில் விட்ட முறை தேய்ந்தது. இதில் நல்லெண்ணத்துக்குப் பெரிய பங்கில்லை. விறகுச் செலவு மிச்சமானது. சல்பைட்டை விடாமல் வைத்திருக்கும் ஆலைகளில் ஒன்று சார்ப்ஸ்போர்க்கின் போரெகார்ட். 1960களிலிருந்து அவர்கள் அந்தப் பழுப்புக் கழிவுநீரிலிருந்து வெனிலின் எடுக்கிறார்கள். ஐஸ்கிரீமிலும் கேக்கிலும் மணக்கும் சரக்கு. ஊசியிலை மரத்தின் லிக்னின்.

கிராஃப்ட் கூழ் கருப்பு என்றேன். அதை வெளுக்கக் குளோரின் நிறைய ஊற்றினார்கள். 1980களின் நடுவில் அமெரிக்கக் கூழ் ஆலைகளுக்குக் கீழே பிடித்த மீன்களில் டயாக்சின் கண்டார்கள். குளோரினும் லிக்னினும் கூடிப் பெற்ற பிள்ளை. அதன்பின் ஆலைகள் குளோரின் வாயுவை விட்டுக் குளோரின் டையாக்சைடுக்கு மாறின. அது செய்ய சோடியம் குளோரேட்டு வேண்டும். குளோரேட்டு செய்ய மறுபடி உப்புநீர், மறுபடி மின்சாரம். இந்த முறை கலத்தில் தடுப்பு கிடையாது, சவ்வு கிடையாது, பாதரசம் கிடையாது. காஸ்ட்னரும் கெல்னரும் எதை எதோடு சேரவிடக் கூடாது என்று பாடுபட்டார்களோ, அந்தக் குளோரினையும் காரத்தையும் வேண்டுமென்றே கலக்கவிடுகிறார்கள், கலந்தால்தான் குளோரேட்டு. உலகில் தயாராகும் சோடியம் குளோரேட்டின் பெரும்பகுதி காகிதக்கூழை வெளுக்கத்தான் போகிறது.

அந்தக் கலத்தில் லிட்டருக்குச் சில கிராம் சோடியம் டைகுரோமேட்டும் சேர்க்கவேண்டியிருக்கிறது. எதிர்மின்முனையில் அது மெல்லிய படலமாகப் படிந்து, உருவான குளோரேட்டு திரும்பவும் சிதையாமல் காக்கிறது. குளோரேட்டின் சமன்பாட்டில் குரோமியம் வராது. ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம் புற்றுநோய் தருவது என்பதால் ஐரோப்பிய ஒன்றியத்தில் 2017 முதல் தனி அனுமதி இல்லாமல் டைகுரோமேட்டைப் பயன்படுத்த முடியாது. ஆலைகள் அனுமதி கேட்டு விண்ணப்பிக்கின்றன, மாற்றுப்பொருள் தேடும் வேலையும் நடந்துகொண்டிருக்கிறது.